இரட்டைப் பிள்ளைகள் மாதம் முந்திப் பிறப்பதைத் தடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பல வருடம் குடும்பநல மருத்துவமாதுவாக வீடு வீடாகப் போனவள் நான். கடைசிக் காலத்தில் கல்முனைப் பக்கமும் வேலை செய்தேன். ஸ்கானில் "ரெண்டு பிள்ளை" என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு சந்தோசமும் ஒரு பயமும் சேர்ந்தே வந்துவிடும். அந்தப் பயத்தில் தாய்மாரும் அவர்களின் அம்மாமாரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதுகிறேன். வைத்தியர் சொல்வதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளினிக்கில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகப் படியுங்கள்.

எத்தனை வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம்? இரட்டையருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைமாதம். ஒற்றைப் பிள்ளைகளில் பத்தில் ஒன்று அப்படிப் பிறக்கிறது. இரட்டையரில் பாதிக்கு மேல். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் 34 வாரத்துக்குப் பிறகே வருகிறார்கள். அவர்கள் கொஞ்சம் சிறியவர்களாக இருந்தாலும் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். கூடுதல் கவலை 32 வாரத்துக்கு முன் வருபவர்களைப் பற்றித்தான். இரட்டைக் கர்ப்பங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அப்படி ஆகிறது.

கருப்பை அளவுக்கு மீறி இழுபடுவது ஒரு காரணம். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறினாலோ, ஒரு பிள்ளையின் வளர்ச்சி நின்றுபோனாலோ வைத்தியர்களே முன்கூட்டி எடுக்க வேண்டியும் வரும். "நான் அன்றைக்குக் குடம் தூக்கினேனே, அதனாலயா?" என்று எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். இல்லை, அம்மா. ஒரு குடத்தால் வருவதில்லை இது.

அப்படியென்றால் தடுக்கவே முடியாதா?

முழுதாகத் தடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அதை ஒளிக்காமல் சொல்வதுதான் உங்களுக்கு நல்லது. சில காரணங்களை முளையிலேயே பிடிக்கலாம், சில நேரம் பிரசவத்தைச் சில நாள் தள்ளலாம். எதையும் தள்ள முடியாதபோதும், பிள்ளைகள் பிறக்கப்போகும் இடத்துக்குத் தாய் நேரத்தோடு போய்ச் சேரலாம். நான் பார்த்தவரை, எங்கள் பகுதியில் பிள்ளைகளைக் கூடுதலாகக் காப்பாற்றியது இந்தக் கடைசி விஷயம்தான்.

முதல் ஸ்கானில் என்ன கேட்க வேண்டும்?

ஒரேயொரு கேள்வி: "நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?" இதை 11 முதல் 14 வாரத்துக்குள் பார்ப்பதுதான் தெளிவு. பிந்தினால் இரண்டு கொடியும் நெருங்கி ஒன்றுபோலத் தெரியும், பிரித்துச் சொல்வது கஷ்டம். "மூன்று மாசம் போகட்டும், கண்பட்டுவிடும்" என்று கர்ப்பத்தை மறைத்து வைத்திருக்கும் வீடுகளில் அந்த வாரங்கள் வீணாகப் போய்விடுகின்றன. ஊருக்குச் சொல்ல வேண்டாம், உங்கள் மிட்வைஃபுக்குச் சொல்லுங்கள்.

இரண்டு நஞ்சுக்கொடி என்றால் ஏறக்குறைய மாதம் ஒரு ஸ்கான். ஒரே கொடியை இரண்டு பிள்ளைகளும் பங்குபோட்டால் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அந்தக் கொடிக்குள்ளே இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். சில வேளை ஒரு பிள்ளையின் இரத்தம் மற்றதுக்கு ஓடும். ஒன்றைச் சுற்றி நீர் பெருகும், மற்றதுக்கு வற்றும். பெருகிய நீர் கருப்பையை இழுத்துப் பிரசவத்தையும் முந்தவைக்கும். ஒரே வாரத்தில் வயிறு திடீரென்று பெருத்து, தோல் மினுமினுத்து, படுத்தால் மூச்சு முட்டினால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்கிறார்களே, அது சரியா?

என்னிடம் கூடுதலாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்.

எங்கள் ஊர்களில் பெண்ணுக்குக் கலியாணம் முடிந்தாலும் அவள் தாய் வீட்டோடு அல்லது தாய் வளவோடுதான் இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அதனால் கர்ப்பம் என்றால் அம்மாவும் அம்மம்மாவும் சட்டம் போடுவார்கள். இரட்டை என்று கேள்விப்பட்டதும் முதல் சட்டம், "படுத்திரு." அது அன்பில் சொல்வது, எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் 20 வாரத்திலிருந்து மகளைப் படுக்கவைத்து, சோற்றைக் கோப்பையில் குழைத்து ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு வாரம் கழித்து நான் போனபோது அந்தப் பிள்ளையின் இடது காலின் கெண்டை வீங்கிச் சூடாக இருந்தது. விரலால் அழுத்தினேன், முகத்தைச் சுழித்தாள். காலில் இரத்தம் உறைந்திருந்தது. பிள்ளைகளைக் காக்க என்று படுத்தவளை அந்த உறைவுக்காகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

முழுநேரப் படுக்கை இரட்டையர் முந்திப் பிறப்பதைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பிரித்தானிய வழிகாட்டல் இதற்காகப் படுக்கையில் வைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. கர்ப்பத்தில் இரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியது, இரட்டையில் இன்னும் கூடும். அதோடு படுத்தே கிடந்தால் தசையும் மனமும் சேர்ந்து தளரும்.

வீட்டுக்குள் நடக்கலாம், சமைக்கலாம், கோயிலுக்குப் போய் வரலாம். பாரமான மூட்டை, நெல் அடிக்கும் களத்து வேலை, வெயிலில் நீண்ட நேரம் நிற்பது, குலுங்கும் கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டம் ஆகியவற்றை விடுங்கள். களைத்தால் படுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு பக்கவாட்டில் படுப்பது நல்லது. இரத்தப்போக்கு போன்ற ஏதாவது காரணத்துக்காக உங்கள் வைத்தியர் ஓய்வு சொன்னால் அது வேறு விஷயம், அதைக் கேளுங்கள்.

கருப்பைக் கழுத்தை அளக்கும் ஸ்கான் எதற்கு?

18 முதல் 24 வாரத்துக்குள், யோனி வழியாக ஒரு மெல்லிய கருவியை வைத்துக் கருப்பைக் கழுத்தின் நீளத்தைப் பார்ப்பார்கள். நோகாது, பிள்ளைக்கும் கழுத்துக்கும் ஒன்றும் ஆகாது. 25 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் முந்திப் பிறக்கும் வாய்ப்புக் கூடுதல். எல்லா இடத்திலும் எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை. உங்களுக்குத் தேவையா என்று நிபுணரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஊசி, குளிசை, வளையம், தையல் என்று பல கேள்விப்படுகிறோம். எது உதவும்?

ஒற்றைப் பிள்ளைக்குப் பலன் தருவது இரட்டைக்கும் தரும் என்று முன்பு எல்லோரும் நம்பினார்கள். பார்த்தால் அப்படி இல்லை.

புரொஜெஸ்டரோன் என்பது கர்ப்பத்தைத் தாங்கும் ஹோர்மோன். பிரித்தானியாவில் 500 இரட்டைத் தாய்மாரிடம் இதைப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. எல்லா இரட்டைத் தாய்க்கும் கொடுப்பதால் பயன் கிடைக்கவில்லை. கருப்பைக் கழுத்து குட்டையாக இருப்பவர்களுக்கு யோனியில் வைக்கும் புரொஜெஸ்டரோன் உதவக்கூடும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. அதனால் பல நிபுணர்கள் அவர்களுக்கு மட்டும் எழுதுகிறார்கள். இதே ஹோர்மோனை வாராவாரம் ஊசியாகப் போடுவது இரட்டையருக்கு உதவவில்லை.

கழுத்தைச் சுற்றிப் போடும் சிலிகோன் வளையத்தை 1,180 இரட்டைத் தாய்மாரிடம் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. எல்லோருக்கும் போடுவதில் பலன் இல்லை. கருப்பைக் கழுத்தை இறுக்கிப் போடும் தையலும் அப்படித்தான், இரட்டை என்ற ஒரே காரணத்துக்காகப் போடுவதில்லை. ஆனால் 24 வாரத்துக்கு முன் கழுத்து ஏற்கனவே திறந்துவிட்டவர்களுக்குத் தையல் போட்டதில் பிள்ளைகள் தப்பியதை 2020இல் வந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. ஆகவே "பக்கத்து வீட்டு ராத்தாவுக்குத் தையல் போட்டார்களே, எனக்கு ஏன் இல்லை?" என்று மனம் வருந்த வேண்டாம். அவருடைய கழுத்து வேறு, உங்களுடையது வேறு.

இரத்த அழுத்தம் ஏறாமலிருக்கச் சிறு அளவு அஸ்பிரினை 12 வாரத்திலிருந்து சிலருக்குக் கொடுப்பார்கள். கொடுத்தால் ஒழுங்காகக் குடியுங்கள். நீங்களாக பாமசியில் வாங்க வேண்டாம்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது என்ன? பப்பாசி சாப்பிடலாமா?

பழுத்த பப்பாசி இரண்டு துண்டு சாப்பிட்டு யாருக்கும் பிரசவம் முந்தியதாக நான் காணவில்லை. பால் வடியும் காயை மட்டும் தவிருங்கள்.

எனக்குக் கவலை தருவது இரத்தக் குறைவும் சிறுநீர்த் தொற்றும். இரட்டையில் இரும்புச் சத்து கூடுதலாகத் தேவை. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேநீரோடு குடித்தால் பாதி வீண். தேசிக்காய்த் தண்ணியோடு குடியுங்கள். நெத்தலி, முட்டை, பருப்பு, முருங்கை இலை வறை என்று வீட்டில் இருப்பதே போதும். திரிபோஷா என்ற சத்துமா தாய்க்குத் தருவது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் உங்களுக்கு ஒன்று மிஞ்சக் கூடாது.

சிறுநீர்த் தொற்று எரிவு இல்லாமலும் இருக்கும். அது குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புள்ளது, மருந்தால் மாற்றக்கூடியதும்கூட. சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வாயில் மென்றாலும் புகையிலையின் நிக்கொட்டின் பிள்ளைக்குப் போகும், குறைமாதத்துக்கும் நிறைக் குறைவுக்கும் அது ஒரு காரணம். கணவர் வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதும் அப்படித்தான்.

இரட்டைப் பிள்ளையோடு நோன்பு பிடிக்கலாமா?

விட்ட நோன்பைப் பின்னர் பிடித்துக் களா செய்யும்படி கர்ப்பிணிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எங்கள் கரையோர வெக்கையில் பகல் முழுக்கத் தண்ணி இல்லாமல் இருந்தால் வயிறு அடிக்கடி இறுகத் தொடங்கும். இரட்டைத் தாய்க்கு நான் எப்போதும் அந்தச் சலுகையை எடுக்கச் சொல்வேன்.

பிரசவம் முந்தப்போகிறது என்று எப்படித் தெரியும்?

கையை வயிற்றில் வையுங்கள். உள்ளங்கையை விரித்து, தொப்புளுக்கு மேலே. சும்மா இருக்கும்போது வயிறு கன்னம் போல மெத்தென்று இருக்கும். இறுகும்போது நெற்றியைத் தொட்டது போல இருக்கும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அப்படி நின்று மறுபடி இளகும். நோவு இருக்க வேண்டும் என்றில்லை. இரட்டைத் தாய்க்கு நாளுக்குச் சில முறை இப்படி வருவது வழமை. தண்ணி குடித்து, இடப்பக்கம் சரிந்து படுத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் நாலு தடவைக்கு மேல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இடுப்பின் அடியில் விட்டுவிட்டு வரும் நோவு, மாதவிலக்கு நோவு போன்ற அடிவயிற்று இழுவை, பிள்ளை கீழே இறங்கி அமுக்குவது போன்ற பாரம், சளி போல அல்லது இரத்தம் கலந்த கசிவு ஆகியவையும் அடையாளங்கள். பன்னீர்க்குடம் எப்போதும் "படார்" என்று உடையாது. ஈரம் கசிந்துகொண்டே இருக்கும், சிறுநீர் என்று நினைத்துவிடுவோம். ஒரு சுத்தமான துணியை வைத்து, நிறத்தைப் பார்த்து, அந்தத் துணியோடேயே போங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், பிள்ளைகளின் துடிப்புக் குறைதல் என்றாலும் அதே வழிதான்.

ஒரு தாய்க்கு 30 வாரத்தில் பின்னேரம் தொடங்கியது. வாய்வு என்று சீரகம் அவித்துக் குடித்தார், பிறகு உள்ளியும் சுட்டுத் தின்றார். விடியற்காலை என்னைக் கூப்பிட்டபோது கருப்பைக் கழுத்து முழுக்கத் திறந்துவிட்டது. சீரகத் தண்ணியில் பிழை இல்லை, அந்தப் பன்னிரண்டு மணித்தியாலம்தான் போய்விட்டது.

போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் வெட்கமாக இருக்குமே?

பத்து முறை திருப்பி அனுப்பட்டும், பதினோராவது முறையும் போங்கள். யாராவது முகம் சுளித்தால் "இரட்டை, இத்தனை வாரம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்தச் சில மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

பிள்ளையின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டெரொய்ட் ஊசி போடுவார்கள். பெரும்பாலும் டெக்சாமெதசோன், 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நாலு ஊசி, தாயின் தசையில். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற வைத்தியர் செம்மறியாடுகளில் பிரசவத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இந்த மருந்து பெற்ற குறைமாதக் குட்டிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக மூச்சுவிடுவதைக் கண்டார். அவரும் ஹோவி என்பவரும் 282 தாய்மாரிடம் செய்த ஆய்வை 1972இல் வெளியிட்டார்கள். இன்று 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கினால் உலகெங்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள். ஊசி தொடங்கி ஒரு நாள் கழிந்த பிறகு, ஒரு வாரத்துக்குள் பிறந்தால் பலன் அதிகம். முழு ஊசியும் முடியுமுன் பிறந்தாலும் கொஞ்சம் உதவும். முன்கூட்டியே சும்மா போட்டு வைக்கும் ஊசி அல்ல இது.

வயிற்று இறுக்கத்தைத் தணிக்க நிஃபெடிபின் போன்ற மருந்து தருவார்கள். அதை வைத்து மாதக்கணக்கில் இழுக்க முடியாது. கிடைக்கும் 48 மணித்தியாலம் அந்த ஊசி வேலை செய்யவும், தேவையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றவும்தான். 32 வாரத்துக்கு முன் பிறக்கப்போகிறது என்றால் மூளையைக் காக்க மக்னீசியம் சல்பேற்றும் ஏற்றுவார்கள். ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடாகும், பயப்பட வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மகப்பேற்று நிபுணரும் குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் பிரிவும் உள்ள இடத்துக்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை, கல்முனையில் உள்ள பெரிய வைத்தியசாலைகள் என்று உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை 24 வாரத்துக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு எழுதிவையுங்கள். பிள்ளைகள் பிறந்த பிறகு அம்புலன்சில் ஏற்றி அனுப்புவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்புவது எவ்வளவோ பாதுகாப்பு. பிரசவக் குத்து கூடிவிட்டது, தூரம் அதிகம் என்றால் மட்டும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்து மாற்றச் சொல்லுங்கள்.

மாரி வெள்ளத்தில் ரோடு மூடினால்?

கிளினிக் கார்டில் எழுதியிருக்கும் திகதி 40 வாரக் கணக்கு. பெப்ரவரி 20 என்று இருந்தால், "மாரி முடிந்துதானே" என்று ஆறுதலாக இருப்பார்கள். ஒரு பென்சிலை எடுத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். 37 வாரம் ஜனவரி 30இல் நிறைகிறது. 32 வாரம் டிசம்பர் 26. இரட்டைக்கு உண்மையான காலம் அதுதான், வெள்ளம் வரும் காலமும் அதுதான். இப்படி எண்ணிக்காட்டியபோது ஒரு தகப்பன் கார்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த கிழமையே மனைவியைக் களுவாஞ்சிகுடியில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

வெல்லாவெளி, மண்டூர், வவுணதீவு உட்பக்கங்களில் இருப்பவர்கள் நவம்பரிலேயே கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் தங்க ஒரு வீடு பாருங்கள். துறையில் பாதை என்ற மிதவைப் படகேறி வாவியைக் கடந்து பழகியவர்கள் இரவில் அதை நம்ப வேண்டாம். சுற்றுப்பாதை எது, எங்கே தண்ணி ஏறும், எங்கே யானை நிற்கும் என்று ஓட்டோக்காரத் தம்பிக்குத் தெரியும், முதலே பேசி வையுங்கள். போக்கிடம் இல்லையென்றால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், வைத்தியரோடு பேசி முன்கூட்டியே வாட்டில் சேர்க்க வழி இருக்கும்.

நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து முன்கூட்டியே சிசேரியன் செய்யலாமா?

வேண்டாம். தாயும் பிள்ளைகளும் சுகம் என்றால் இரண்டு நஞ்சுக்கொடி இரட்டைக்கு 37 வாரம், ஒரு கொடிக்கு 36 வாரம் வரை பொறுப்பார்கள். இருவரும் ஒரே நீர்ப்பைக்குள் இருந்தால் மட்டும் 32க்கும் 34க்கும் இடையில் எடுப்பார்கள். முகூர்த்தத்துக்காக ஒரு கிழமை முந்தினாலும் அந்தக் கிழமையைப் பிள்ளை மூச்சுத் திணறிக் கழிக்க நேரலாம். அந்த வாரங்களைத் தாண்டி இழுப்பதும் ஆபத்து. முதல் பிள்ளையின் தலை கீழே இருந்தால் பலர் சாதாரணமாகவே பெறலாம்.

கணவன் மனைவி உறவு?

இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, குட்டையான கழுத்து என்று எதுவும் இல்லாவிட்டால் தடை இல்லை.

பிள்ளை தங்குவதற்காகக் குளிசை எடுக்கிறோம். இப்போதே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். கருமுட்டை முதிரக் குளோமிஃபீன் குடிப்பவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இரட்டை தங்கும். அதை ஸ்கான் பார்த்து, நிபுணரின் கண்காணிப்பில் மட்டும் குடியுங்கள். சோதனைக்குழாய் முறைக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு கருவை வைக்கும்படி கேளுங்கள். "செலவழித்தாச்சு, ரெண்டாக வந்தால் ஒரேயடியாக முடியுமே" என்று நினைக்கும் மனதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் குறைமாதப் பிள்ளைகளை வைத்திருக்கும் பி.பி.யு. பிரிவின் வாசலில் காத்திருக்கும் நாட்களைக் கண்டவள் என்பதால் சொல்கிறேன்.

எல்லாம் செய்தும் முந்திப் பிறந்துவிட்டால்?

பாலும் உங்கள் நெஞ்சுச் சூடும் இனி மருந்து. பிறந்த சில மணித்தியாலத்துக்குள் பாலைக் கையால் பிழியத் தொடங்கி, இரவிலும் விடாமல் நாளுக்கு எட்டுத் தடவை எடுங்கள். முதல் நாள் சொட்டுக் கணக்கில்தான் வரும், அந்தச் சொட்டும் வேண்டும். வைத்தியர் சம்மதித்ததும் பிள்ளையை வெறும் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டி வைத்திருங்கள். கங்காரு முறை என்பார்கள், 1970களின் கடைசியில் கொலம்பியாவில் இன்கியூபேற்றர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கியது. நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு பிள்ளை என்றால் ஒன்று அம்மாவிடம், ஒன்று அப்பாவிடம். வாட்டில் அனுமதித்தால் அம்மம்மாவும் பிடிக்கலாம்.

அம்புலன்சுக்கு 1990 இலக்கத்தில் எடுத்தால் என்ன சொல்வது?

பதற்றத்தில் "கெதியா வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஆனால் அவர்கள் உங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு கடதாசியில் இப்போதே எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், யார் வீட்டில் நின்றாலும் வாசிக்கட்டும்: "இரட்டைப் பிள்ளை. இத்தனை வாரம். நஞ்சுக்கொடி ஒன்று அல்லது இரண்டு. குத்து இத்தனை மணிக்குத் தொடங்கியது. நீர் உடைந்தது அல்லது உடையவில்லை. ஊர் இது, பெரிய ரோட்டில் இந்தக் கோயிலடியில் திரும்பி, பள்ளிக்கூடம் தாண்டி மூன்றாவது வளவு. சந்தியில் டோர்ச்சோடு ஒரு ஆள் நிற்பார்." வாரத்தை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், ஒவ்வொரு திங்களும் அழித்து மாற்ற வேண்டும்.